செவிப்புற ஊசிப்புள்ளியும் நாகப்பட்டினக் கடல்வழியும்: சீன–தமிழ் மருத்துவத் தொடர்பு குறித்த ஒரு மறுஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

சீன மருத்துவத்தின் ஊசிமுறையும் (அக்குபங்சர்) தமிழரின் வர்ம மருத்துவமும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்னும் கருத்து இன்று பரவலாக உள்ளது. சோழர்காலத் துறைமுகமான நாகப்பட்டினம் இப்பரிமாற்றத்தின் வாயிலாக அமைந்தது என்றும் கூறப்படுகிறது. காதுமடலின் பின்புறத்தே, கீழ்த்தாடைக்கும் காதுக்குப் பின்னுள்ள எலும்பு முகட்டிற்கும் இடைப்பட்ட பள்ளத்தில் அமைந்த ஒரு புள்ளியை மட்டும் எடுத்துக்கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. சீன நூல்கள், சுசுருத சங்கிதை, வர்ம மரபு ஆகிய மூன்றிலும் இப்பகுதி பெறும் இடம் ஒப்பிடப்படுகிறது. அதனைத் தொடர்ந்து, நாகப்பட்டினம் வழியாக நடைபெற்ற சீனத் தொடர்புகளின் சான்றுகள் மதிப்பிடப்படுகின்றன. இடத்தின் ஒற்றுமை உண்மையானது. ஆனால் அது பரிமாற்றத்திற்குச் சான்றாகாது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: நாகப்பட்டினம், செவிப்புறப் புள்ளி, வர்மம், விதுர மர்மம், சலாகை, இத்சிங், சோழர்–சீனர் உறவு

முன்னுரை

இருவேறு நாடுகளின் மருத்துவ மரபுகள் உடலின் ஒரே இடத்தைச் சிறப்பாகக் குறிக்கும்போது, ஒன்று மற்றொன்றிலிருந்து வந்திருக்கவேண்டும் என்று எண்ணுவது இயல்பு. அவ்விரு நாடுகளுக்கும் இடையே கடல்வணிகம் நடந்தமை உறுதியாகத் தெரியும்போது அவ்வெண்ணம் மேலும் வலுப்பெறுகிறது. போதிதருமர் சீனத்திற்கு மருத்துவத்தைக் கொண்டுசென்றார் என்பதும், போகர் சீனத்திலிருந்து கலைகளைக் கொண்டுவந்தார் என்பதும் இவ்வெண்ணத்தின் இரு வடிவங்கள். ஒன்று தமிழகத்தை மூலமாகக் கொள்கிறது. மற்றொன்று சீனத்தை மூலமாகக் கொள்கிறது. ஒன்றுக்கொன்று எதிரான இவ்விரண்டும் ஒரே மேடையில் ஒருங்கே ஏற்கப்படுவது, சான்றுகள் எடைபோடப்படவில்லை என்பதையே உணர்த்துகிறது.

பொதுவாக ‘ஊசிமுறையும் வர்மமும்’ என ஒப்பிடும்போது, நூற்றுக்கணக்கான புள்ளிகளுள் பொருந்துவன மட்டும் எடுத்துக்காட்டப்பட்டுப் பொருந்தாதன விடப்படுகின்றன. இக்குறையைத் தவிர்க்கும் பொருட்டு, இக்கட்டுரை ஒப்புமை மிகுதியாகத் தோன்றும் ஒரே ஓர் இடத்தைத் தேர்ந்துகொள்கிறது. மிக வலுவான இடத்திலேயே பரிமாற்றக் கருத்து நிலைபெறவில்லையெனில், வலுக்குறைந்த இடங்களில் அது நிலைபெறுதல் அரிது.

சீன மருத்துவத்தில் செவிப்புறப் புள்ளிகள்

சீன ஊசிமுறையில் காதைச் சூழ்ந்து பல புள்ளிகள் அமைந்துள்ளன. காதின் முன்புறத்தே மேலிருந்து கீழாக ‘எர்மென்’, ‘டிங்கொங்’, ‘டிங்ஹுய்’ என மூன்று புள்ளிகள் உள்ளன. இவற்றின் பெயர்கள் முறையே செவியின் வாயில், கேட்டலின் அரண்மனை, கேட்டலின் கூடுமிடம் எனப் பொருள்படும். வாயைத் திறக்கும்போது தோன்றும் பள்ளத்தைக் கொண்டு இவற்றின் இடம் அறியப்படுகிறது. காதின் பின்புறத்தே, மடலுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் ‘யிஃபெங்’ அமைந்துள்ளது. காற்றை மறைக்கும் திரை என்பது இதன் பொருள். காதிரைச்சல், செவிட்டுத்தன்மை, வாய் கோணுதல், தாடை இறுகுதல் ஆகியவற்றிற்கு இப்புள்ளியில் ஊசியிடுவது மரபு.

இப்புள்ளிகள் திடீரெனத் தோன்றியவை அல்ல. கி.பி. 3ஆம் நூற்றாண்டில் ஹுவாங்ஃபு மி தொகுத்த ஊசி–சூட்டு மருத்துவ நூலிலேயே புள்ளிகளின் இடங்களும் பயன்களும் ஒழுங்குபடுத்தப்பட்டுள்ளன. சோங் அரசமரபின் காலத்தில் வாங் வெய்யி என்னும் மருத்துவ அலுவலர் 1026இல் இவற்றைத் திருத்தி ஒரு நூலாக்கினார். மறு ஆண்டில் புள்ளிகள் துளையிடப்பட்ட இரு வெண்கல மனித உருவங்கள் வார்க்கப்பட்டன. மாணவரைப் பயிற்றவும் தேர்வு செய்யவும் இவை பயன்பட்டன. நூல் கல்லிலும் பொறிக்கப்பட்டது. ஆகவே 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத் தலைநகராகிய கைஃபெங்கில் இக்கலை அரசின் மேற்பார்வையில் வரையறை பெற்ற ஒன்றாக விளங்கியது. சோழர் தூதுகள் சென்ற காலமும் இதுவே என்பது பின்னர் நோக்கப்படும்.

சுசுருத சங்கிதையில் விதுர மர்மம்

சுசுருத சங்கிதையின் சாரீரத்தானம் 107 மர்மங்களைக் கூறுகிறது. அவற்றுள் ‘விதுரம்’ என்பது காதின் பின்புறத்தே கீழ்ப்பகுதியில் இருபுறமும் அமைந்த ஒரு மர்மம். இவ்விடத்தில் அடிபட்டால் செவிட்டுத்தன்மை உண்டாகும் என்று அந்நூல் கூறுகிறது. காதிற்கும் நெற்றிக்கும் இடையே, புருவ முனைக்கு மேலே உள்ள ‘சங்கம்’ என்னும் மர்மமோ உடனே உயிரைப் போக்குவன என்னும் வகையில் வைக்கப்பட்டுள்ளது.

விதுரமும் யிஃபெங்கும் ஏறத்தாழ ஒரே பள்ளத்தைக் குறிக்கின்றன. இரண்டும் கேட்கும் திறனோடு தொடர்புபடுத்தப்பட்டுள்ளன. பரிமாற்றக் கருத்துடையோர்க்கு இதனினும் வலுவான ஒப்புமை கிடைத்தல் அரிது. எனினும் இவ்விரு மரபுகளும் அவ்விடத்தை அணுகும் முறை நேர்மாறானது. சீன மருத்துவர் செவிட்டுத்தன்மையைப் போக்க அவ்விடத்தில் ஊசியைச் செலுத்துகிறார். சுசுருதர் வழிவந்த அறுவை மருத்துவரோ செவிட்டுத்தன்மை வாராதிருக்க அவ்விடத்தில் கருவி படாமல் காக்கிறார். மர்ம அறிவு அறுவையின்போது விலக்கவேண்டிய இடங்களைப் பற்றிய அறிவு. ஊசிமுறை நாடவேண்டிய இடங்களைப் பற்றிய அறிவு. முன்னதிலிருந்து பின்னது வந்திருந்தால், அல்லது பின்னதிலிருந்து முன்னது வந்திருந்தால், இடைப்பட்ட நிலையைக் காட்டும் நூற்சான்று ஏதேனும் ஒன்றாவது எதிர்பார்க்கப்படும்.

அவ்வாறாயின் இடத்தின் ஒற்றுமை எவ்வாறு ஏற்பட்டது? இதற்கு உடலமைப்பே விடையளிக்கிறது. இப்பள்ளத்தின் ஆழத்தில்தான் முகத்தை இயக்கும் நரம்பு மண்டையோட்டிலிருந்து வெளிப்படுகிறது. காதின் பின்புற எலும்பு முகடு உட்செவிக்கு அணித்தாக உள்ளது. இங்குப் பலத்த அடிபட்டால் வாய் கோணுவதும் கேட்கும் திறன் குறைவதும் கூடும். விரலால் அழுத்தினாலே வலி தோன்றும் இடமும் இதுவே. போரிலும் மற்போரிலும் காயமுற்றோரைக் கண்ட எந்த நாட்டு மருத்துவரும் இவ்விடத்தைத் தனித்துக் குறித்திருப்பர். மனித உடல் எங்கும் ஒன்றே ஆதலின், அதனைக் கூர்ந்து நோக்கியோர் ஒரே இடங்களைக் கண்டறிதல் வியப்பன்று.

வர்ம மரபில் செவிப்பகுதி

வர்ம நூல்கள் படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 வர்மங்களைக் கூறும் வழக்கம் பரவலானது. தலைப்பகுதி வர்மங்களுள் ‘செவிக்குற்றி’ என்பது தன் பெயரிலேயே செவியைக் கொண்டுள்ளது. வர்மம் கொண்டவரின் குறிகுணம், அடியின் மாத்திரை, காலவரையறை, அடங்கலைத் தட்டி இளக்கும் முறை, பின்னர்க் கொடுக்கவேண்டிய கசாயம், பூசவேண்டிய எண்ணெய் என இம்மரபின் கூறுகள் விரிகின்றன. காயப்பட்டவரை மீட்பதே இதன் அடிப்படை நோக்கம். கருவி ஆசானின் கையும் விரலுமே, ஊசியன்று.

விரற்கடையால் இடத்தை அளத்தல் இரு மரபுக்கும் பொது என்று சுட்டப்படுவதுண்டு. சீனரும் நோயாளியின் பெருவிரல் அகலத்தை அலகாகக் கொண்டனர். ஆனால் ஆளுக்கு ஆள் உடலளவு வேறுபடுதலின், நோயாளியின் உடலையே அளவுகோலாகக் கொள்வது எம்மரபினரும் எளிதில் எட்டக்கூடிய தீர்வாகும். சுசுருத சங்கிதையும் மர்மங்களின் பரப்பை விரலளவால் கூறுகிறது.

இங்கு நிலவியல் சான்று ஒன்று சிறப்பாக நோக்கத்தக்கது. வர்மச் சுவடிகளும் ஆசான் மரபுகளும் செறிந்து காணப்படுவது குமரி மாவட்டத்திலும் அதனையடுத்த தென்திருவிதாங்கூர்ப் பகுதியிலுமேயாகும். சீனத் தொடர்பு செறிந்திருந்த காவிரிக் கழிமுகத்தில் அன்று. நாகப்பட்டினத் துறை வழியாக இக்கலை வந்திருப்பின் அல்லது சென்றிருப்பின், அத்துறையின் பின்னிலமாகிய தஞ்சை, குடந்தை, மன்னார்குடிப் பகுதிகளில் அதன் வேர் ஆழமாக இருந்திருக்கவேண்டும். தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோசியின் (1798–1832) ஆதரவில் திரட்டப்பட்ட மருத்துவ முறைகள், சரபேந்திர வைத்திய முறைகள் என நோய்வாரியாக அச்சேறியுள்ளன. அவற்றின் மையம் மருந்து, ஊசிப்புள்ளியன்று.

நாகப்பட்டினமும் சீனமும்: உறுதியான சான்றுகள்

பரிமாற்றத்தை ஐயுறுவது தொடர்பை மறுப்பதாகாது. தொடர்பிற்கான சான்றுகள் மிக வலுவானவை. 7ஆம் நூற்றாண்டில் வூசிங் என்னும் சீனத்துறவி கடாரத்திலிருந்து 30 நாள் கடற்பயணத்தில் நாகப்பட்டினத்தை அடைந்து, அங்கிருந்து 2 நாளில் ஈழத்தை அடைந்தமையை இத்சிங் பதிவு செய்துள்ளார். முதலாம் இராசராசனின் 21ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006ஐ ஒட்டி, நாகப்பட்டினத்துச் சூளாமணி விகாரத்திற்கு ஆனைமங்கலம் பள்ளிச்சந்தமாக அளிக்கப்பட்டதைப் பெரிய லெய்டன் செப்பேடு தெரிவிக்கிறது. அவ்விகாரத்தைக் கட்டியோர் ஸ்ரீவிசய மன்னர். சீனத்திற்குச் செல்லும் கடல்வழியின் இடைநிலை அவர்தம் ஆட்சியில் இருந்தது.

சோழர் 1015, 1020, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனத்திற்குத் தூது அனுப்பினர். 1349ஐ ஒட்டி எழுதிய வாங் தாயுவான், சீன எழுத்துப் பொறித்த ஒரு மண்கோபுரத்தைக் குறிப்பிட்டு, அது 1267இல் முடிக்கப்பட்டதாகக் கூறுகிறார். அதனை நாகப்பட்டினத்துச் சீனக்கோபுரத்தோடு ஆய்வாளர் பொருத்துவர். சுவான்சோ நகரில் கிடைத்த 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு, அங்கே தமிழ் வணிகர் சிவன்கோயில் எடுத்தமையைக் காட்டுகிறது. மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பகுதிகளில் சீனச் செப்புக்காசுகள் கிடைத்துள்ளன.

இவற்றுள் 1033ஆம் ஆண்டுத் தூது காலத்தால் குறிப்பிடத்தக்கது. வெண்கல உருவங்கள் வார்க்கப்பட்டு ஆறே ஆண்டுகள் கழிந்த நிலையில் முதலாம் இராசேந்திரனின் தூது சோங் அரசவைக்குச் சென்றது. அவ்வுருவங்களுள் ஒன்று கைஃபெங்கின் பெரிய பௌத்தக் கோயிலில் வைக்கப்பட்டிருந்தது. சோழத் தூதர் அதனைக் கண்டிருத்தல் கூடும். ஆனால் ‘கூடும்’ என்பது வரலாறாகாது. ஓரிடத்தில் ஒரே காலத்தில் இருந்தமை, ஒன்றைக் கற்றமைக்குச் சான்றன்று.

1020ஆம் ஆண்டுத் தூது பற்றிய சோங் வரலாற்றுக் குறிப்பு இன்னும் கூர்மையானது. அவ்வாண்டு சென்ற சோழத் தூதர் குவாங்சோ துறையை அடைந்ததும் நோயுற்று இறந்தார். அவர் கொண்டுசென்ற மடலை அந்நகர அலுவலர் அரசவைக்கு அனுப்பினர்; உடன் வந்தோர்க்கு விருந்தும் பரிசும் அளித்து அனுப்புமாறு ஆணை பிறந்தது. ஒரு தமிழகத் தூதர் சீன மண்ணில் நோயுற்ற நிகழ்வு பதிவாகியுள்ள இவ்விடத்தில், அக்குறிப்பு பேசுவது மடலையும் விருந்தையும் பரிசையும்தான், மருத்துவத்தை அன்று. அரசவை எழுத்தர் எதனைப் பதிவுக்குரியதாகக் கருதினர் என்பதை இது உணர்த்துகிறது. மருத்துவப் பரிமாற்றம் நடந்திருந்தால், அதன் தடத்தை அரசவைக் குறிப்புகளிலன்றி மருத்துவ நூல்களிலேயே தேடவேண்டும்.

தமிழகத்தில் அத்தகைய சான்றாகத் திருமுக்கூடல் கல்வெட்டு கிடைக்கிறது. வீரராசேந்திரன் காலத்து இக்கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர்சாலையில் மருத்துவர், சல்லியக்கிரியை செய்வோர், மருந்து கொணர்வோர், பணிப்பெண்டிர் ஆகியோர்க்குரிய ஊதியத்தையும், இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களையும் கூறுகிறது. 1033ஆம் ஆண்டுத் தூதிற்கு ஒரு தலைமுறை பிற்பட்ட இப்பட்டியலில் அறுவை உண்டு, மருந்துண்டு, ஊசிமுறை இல்லை.

இத்சிங் சான்று: ஊசியா, சலாகையா?

பரிமாற்றக் கருத்திற்குத் துணையாக எடுத்தாளப்படும் நூற்சான்றுகளுள் முதன்மையானது இத்சிங்கின் பயணக்குறிப்பு. 673இல் இந்தியாவை அடைந்து நாளந்தாவில் பயின்ற இவர், இந்திய மருத்துவத்தின் எட்டு உறுப்புகளைக் கூறுமிடத்து, இரண்டாவது உறுப்பைக் கழுத்திற்கு மேற்பட்ட நோய்களுக்கு ஊசியிடுதல் என்று குறிக்கிறார். தக்ககுசு 1896இல் வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில் இது ‘அக்குபங்சர்’ என்றே பெயர்க்கப்பட்டது. இதனைக் கொண்டு 7ஆம் நூற்றாண்டு இந்தியாவில் ஊசிமுறை வழங்கியது என்று கொள்வோர் உளர்.

எட்டு உறுப்புகளின் வரிசையை நோக்கின் உண்மை விளங்கும். இரண்டாவது உறுப்பு ‘சாலாக்கியம்’. கண், காது, மூக்கு முதலிய கழுத்திற்கு மேற்பட்ட உறுப்புகளின் நோய்களைப் பற்றியது. ‘சலாகை’ என்னும் மெல்லிய கோலால் அமைந்த பெயர் இது. சலாகையைச் சீனமொழியில் கூறவந்த இத்சிங், அங்கு வழக்கிலிருந்த ஊசி என்னும் சொல்லைப் பயன்படுத்தினார். அச்சொல்லை நவீன மொழிபெயர்ப்பு ஊசிமருத்துவம் எனப் பொருள்கொண்டது. ஒரு கோல் இருமுறை மொழிமாறி ஒரு மருத்துவ முறையாகிவிட்டது. தமிழ்ச் சித்த மருத்துவத்தின் 32 புறமருத்துவ முறைகளுள் சலாகையும் சுட்டிகையும் குருதி வாங்கலும் தனித்தனியே இடம்பெற்றிருப்பது இவ்விளக்கத்திற்கு அரண் செய்கிறது.

இதனினும் தெளிவானது இத்சிங்கின் மற்றொரு கூற்று. ஊசியிடுதல், சூடிடுதல், நாடி பார்த்தல் ஆகியவற்றில் சீனத்தை விஞ்சிய நாடு சம்புத்தீவில் இல்லை என்று அவர் எழுதுகிறார். இந்தியாவில் பத்தாண்டிற்கும் மேலாக வாழ்ந்து, தாமே மருத்துவமும் பயின்ற ஒருவர் இவ்வாறு எழுதியிருப்பது, இக்கலை தம் நாட்டிற்கே சிறப்பானது என்று அவர் கருதியமையைக் காட்டுகிறது.

உண்மையில் கடல் கடந்த கருவி ஒன்றுண்டு. அது எதிர்த்திசையில் சென்றது. கண்புரையைக் கோலால் விலக்கும் இந்திய முறை தாங் காலத்தில் சீனத்தை அடைந்தது. 752இல் வாங் தாவ் தொகுத்த மருத்துவ நூலில் அது பொற்கோல் கொண்டு செய்யும் முறையாக இடம்பெற்றுள்ளது. சீனக் கண்மருத்துவ நூல்கள் நாகார்ச்சுனர் பெயரால் வழங்கின. பரிமாற்றம் நிகழ்ந்த இடத்தில் கருவி, முறை, மூலநாட்டு ஆசிரியர் பெயர் ஆகிய மூன்றும் தடமாக எஞ்சியுள்ளமை கருதத்தக்கது.

பெயர் காட்டும் மருந்துப் பரிமாற்றம்

மருந்துப் பொருள்களிலும் இத்தகைய தடத்தைக் காணலாம். சீனக்காரம் என்னும் பெயர் சீனத்தை வெளிப்படையாகச் சுட்டுகிறது. சித்த மருத்துவத்தில் பெரிதும் பயன்படும் பறங்கிப்பட்டை சீனக்கிழங்கே. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் கப்பல்களில் வந்த இதனை, 1563இல் கோவாவில் வெளியான தம் நூலில் கார்சியா த ஓர்த்தா விரிவாகக் கூறுகிறார். விளைந்த நாட்டின் பெயரை விடுத்துக் கொண்டுவந்தவரின் பெயரைத் தமிழ் அதற்கு இட்டது. அயல்மருந்தை ஏற்கும்போது அதன் அயன்மையை மறைக்காமல் பெயரிலேயே பொறித்து வைப்பது தமிழ் மருத்துவ மரபின் இயல்பு என்பது இதனால் பெறப்படும். செவிக்குற்றி முதலிய வர்மப் பெயர்களில் இத்தகைய அயற்சுவடு புலப்படவில்லை. சீனப் புள்ளிப்பெயர்களின் மொழிபெயர்ப்பாகவும் அவை அமையவில்லை.

டச்சுக்காரர் காலம்

சோழர் காலத்திற்குப் பின்னரும் ஒரு வாய்ப்பு இருந்தது. 1658இல் நாகப்பட்டினத்தைக் கைப்பற்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கும்பினி, 1690 முதல் அதனைச் சோழமண்டலக் கரையின் தலைமையிடமாகக் கொண்டது. அதே கும்பினியின் மருத்துவரான வில்லெம் தென் ரைனே, சப்பானின் தெசிமாத் தீவில் பணியாற்றியபோது கண்ட ஊசிமுறையை 1683இல் இலத்தீன் நூலாக வெளியிட்டார். அக்குபங்சர் என்னும் சொல்லே அந்நூலால் வழக்கிற்கு வந்தது. தெசிமா, பத்தாவியா, நாகப்பட்டினம் ஆகியன ஒரே நிறுவனத்தின் கப்பல்கள் தொட்ட துறைகள். எனினும் அவ்வறிவு சென்று சேர்ந்த இடம் ஐரோப்பிய அச்சுக்கூடம். கப்பல் துறையைத் தொட்டால் அறிவும் கரையிறங்கும் என்னும் எடுகோளின் வலுக்குறைவை இந்நிகழ்வு புலப்படுத்துகிறது.

காது குத்தலும் அண்மைக்கால விளக்கமும்

தாய்மாமன் மடியில் குழந்தையை அமர்த்திப் பத்தர் காது குத்தும் சடங்கு, முன்னோர் அறிந்த ஊசிமருத்துவமே என்று இன்று விளக்கப்படுகிறது. காதுமடலில் கண்ணிற்குரிய புள்ளி உள்ளது என்பது இதற்குக் காட்டப்படும் காரணம். ஆனால் தலைகீழான கருவின் வடிவில் முழு உடலையும் காதில் பொருத்திக் காட்டும் வரைபடம், பிரான்சின் லியோன் நகர மருத்துவர் பால் நோசியே 1957இல் வெளியிட்டது. சீனரும் அதனை ஏற்று விரித்தனர். இந்தியாவில் ஊசிமுறையை, 1938இல் கோட்னிசுடன் சீனம் சென்ற மருத்துவக் குழுவின் உறுப்பினரான பிசய் குமார் பாசு, 1959இல் கல்கத்தாவிற்குக் கொண்டுவந்தார். ஆகவே காது குத்தலுக்குத் தரப்படும் இவ்விளக்கத்தின் வயது ஒரு நூற்றாண்டும் ஆகாதது.

சுசுருத சங்கிதை காது குத்தலுக்குக் காப்பும் அணியும் என இரு காரணங்களையே கூறுகிறது. கதிரவன் ஒளி ஊடுருவும் மெல்லிய இடத்தில் குத்தவேண்டும் என்றும், காளிகை, மர்மரிகை, லோகிதிகை என்னும் நாளங்களில் பட்டால் காய்ச்சல், வீக்கம், கழுத்துப் பிடிப்பு முதலியன உண்டாகும் என்றும் எச்சரிக்கிறது. இங்கும் அறிவு என்பது தவிர்க்கவேண்டிய இடத்தைப் பற்றியதே. அண்மைக்கால விளக்கத்தை ஏற்கும்போது, நூலில் உள்ள இந்நுட்பமான அறுவை அறிவு மறைக்கப்பட்டு, அதன் இடத்தில் பிறர் வரைபடம் அமர்த்தப்படுகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வரும் முடிபுகள் பெறப்படுகின்றன. காதின் பின்புறப் பள்ளத்தைச் சீன மரபும் சுசுருத மரபும் கேட்கும் திறனோடு தொடர்புபடுத்தின. அதற்குக் காரணம் அவ்விடத்தின் உடலமைப்பு. ஒன்று அங்கே ஊசியிட்டது. மற்றொன்று அங்கே கருவி படாது காத்தது. வர்ம மரபோ செவிப்பகுதி உள்ளிட்ட இடங்களில் அடிபட்டவரைக் கையால் மீட்டது. நாகப்பட்டினத்தின் சீனத் தொடர்பு ஐயத்திற்கு அப்பாற்பட்டது. ஆயினும் அத்தொடர்பு ஊசிப்புள்ளிகளை ஏற்றிச்சென்றது என்பதற்குப் பெயர், கருவி, நூல் ஆகிய மூவகைத் தடங்களும் துணைநிற்கவில்லை. இத்தடங்கள் எஞ்சியுள்ள கண்மருத்துவத்திலும் மருந்துப் பொருளிலும் பரிமாற்றம் ஐயமின்றி ஏற்கத்தக்கது.

நாகப்பட்டினத்துச் சீனக்கோபுரம் 1846இல் வால்டர் எலியட் கண்டபோது சிதைந்த மூன்று நிலைக் கட்டடமாக நின்றது. 1867இல் அது இடிக்கப்பட்டது. அவ்விடத்தில் கிடைத்த பௌத்தச் செப்புத்திருமேனிகள் சென்னை அருங்காட்சியகம் முதலிய இடங்களில் உள்ளன. கோபுரமோ எலியட்டின் படத்திலும் குறிப்பிலும் மட்டும் எஞ்சியது. சான்று இழந்த இடத்தில் கதை எளிதில் குடிபுகும். நாகப்பட்டினத்திற்குப் பொருந்திய இது சுவடிகளுக்கும் பொருந்தும். குமரிப் பகுதியின் வர்மச் சுவடிகள் ஒவ்வொன்றும் காலம், மொழிநடை, பாடவேறுபாடு ஆகியவற்றோடு பதிப்பிக்கப்பட வேண்டும். அதன் பின்னரே ஒப்பீடு பொருளுடையதாகும். பிறிதொரு நாட்டின் புகழ்பெற்ற முறையோடு ஒப்பிட்டால்தான் வர்மத்திற்குப் பெருமை என்னும் எண்ணம், அம்மரபு தன்னளவில் எதனை அறிந்திருந்தது என்னும் வினாவைத் தள்ளிப்போடுகிறது. அவ்வினாவிற்கு விடை காண்பதே ஆய்வுலகின் முன்னுள்ள முதற்பணியாகும்.